கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு ஒரே மருந்து: ஹெச்பி-38-ம் அதன் போட்டியாளர்களும்

நீங்களே வீட்டில் தோட்டா நிரப்புபவர், 9 மி.மீ. லூகர், .38 ஸ்பெஷல், .45 ஏசிபி என்ற மூன்று வகைக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் ஒரே டப்பா வெடிமருந்தில் நிரப்ப வேண்டும் என்றால் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் ஹெச்பி-38 வாங்குங்கள். கடையில் அது இல்லை, வின்செஸ்டர் 231 இருக்கிறது என்றால் அதை வாங்குங்கள். இரண்டும் ஒரே மருந்துதான், டப்பாவில் ஒட்டிய பெயர்தான் வேறு. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டோம். ஏன் அது, எந்த இடத்தில் அது போதாது, எப்போது யுனீக், டைட்குரூப், என்320 போன்ற வேறு மருந்துகளின் பக்கம் போக வேண்டும் என்பதுதான் இனி வருவது.

ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதில் எந்தத் தோட்டாவுக்கும் அளவுப் பட்டியல் கிடையாது. மருந்தின் அளவை அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமோ குண்டை (தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் பகுதி) தயாரிக்கும் நிறுவனமோ வெளியிட்ட நடப்புக் கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலே துப்பாக்கி வெடித்துக் கை போகும் வேலை இது. தோட்டா நிரப்ப உரிமம் கேட்கும் நாட்டில் இருந்தால், பிரஸ் (தோட்டாவை இணைக்கும் கைப்பிடி இயந்திரம்) வாங்குவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

எது பல தோட்டாக்களுக்கும் ஒத்துவரும் மருந்து?

பலரும் மருந்துகளை எரியும் வேகப்படி அடுக்கிய எரிவேகப் பட்டியலை விரித்து வைத்து, நடுவில் இருக்கும் பெயரைச் சுட்டிக்காட்டிவிடுவார்கள். அந்தப் பட்டியல் வெறும் வரிசை. பத்தாவது இடத்துக்கும் பதினொன்றாவது இடத்துக்கும் உள்ள தூரம் இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ள தூரம் அல்ல. ஒரு நிறுவனத்தின் வரிசை இன்னொன்றின் வரிசையோடு ஒத்துப்போவதும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போடுவது எப்போதும் தவறு.

நாங்கள் பார்ப்பது நான்கு விஷயங்கள். மருந்து பவுடர் மெஷரில் (மருந்தை அளந்து கொட்டும் கருவி) ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழ வேண்டும். பித்தளைக் கூட்டுக்குள் அது எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பயன்படுத்தும் குண்டுகளுக்கெல்லாம் கையேடுகளில் அளவு வெளியாகியிருக்க வேண்டும். கடைசியாக, தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவில் எங்கே நிறுத்தினாலும் அது சீராக எரிய வேண்டும். உச்சத்தில் மட்டும் நன்றாக நடந்துகொள்ளும் மருந்து எவ்வளவு வேகம் கொடுத்தாலும் பொதுப் பயனுக்கு ஆகாது.

தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதை அழுத்த வரம்புகளைப் பார்த்தாலே புரியும். அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டாத் தரங்களை வகுக்கும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பின்படி உச்ச அழுத்தம் 9 மி.மீ.க்கு 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு), .45 ஏசிபிக்கு 21,000, சாதாரண .38 ஸ்பெஷலுக்கு 17,000. கூடுகளின் கொள்ளளவோ இந்த வரிசையில் போவதில்லை: அழுத்தம் அதிகமான 9 மி.மீ.யின் கூடுதான் இந்த மூன்றிலும் சிறியது. .38 ஸ்பெஷல் கரிமருந்துக் காலத்தின் நீளத்தோடு பிறந்தது. புகையில்லா மருந்தைப் போட்டால் அதன் கூட்டில் பாதிக்கு மேல் காலியாகவே கிடக்கும். இந்த இரண்டு கோடிகளையும் சமாளிக்கும் மருந்து மிக வேகமாகவும் எரியக் கூடாது, மெதுவாகவும் எரியக் கூடாது.

ஹெச்பி-38 / 231

நசுக்கிய சிறு உருண்டை வடிவம். நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டை அடிப்படை மருந்து. உருண்டை வடிவம் என்பதால் மெஷரில் மணல் போல ஓடும். நன்றாகப் பொருத்திய டிரம் வகை மெஷரில் பெரும்பாலான வீச்சுகள் (ஒரு முறைக்கு விழும் மருந்து) குறித்த அளவிலிருந்து 0.1 கிரெயினுக்குள் (மருந்தை எடைபோடும் சிறு அலகு) நிற்கும். சிறு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு இதுதான் முதல் தகுதி. 4.5 கிரெயின் போடும் இடத்தில் 0.3 கிரெயின் தவறினால் ஏழு சதவீதம் தவறுகிறது என்று பொருள். முப்பது கிரெயின் போடும் ரைஃபிள் தோட்டாவில் அதே 0.3 ஒரு பொருட்டே அல்ல.

இதன் மிகப் பெரிய பலம் கையேடுகள். .32, .380, 9 மி.மீ., .38, .40, .45 என்று சாதாரண அழுத்தத் தோட்டா எதை எடுத்தாலும், ஈயக் குண்டு, பூச்சுக் குண்டு, செப்பு உறையிட்ட குண்டு என்று எதைப் போட்டாலும், எங்கோ ஒரு பக்கத்தில் ஹெச்பி-38 அல்லது 231 என்ற வரி இருக்கும். இரண்டும் ஒன்றே என்பதால் ஒன்றுக்கு வெளியான அளவை மற்றொன்றுக்கும் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகப் பழைய டப்பாவின் மீதியைப் புதியதில் கொட்டிக் கலக்காதீர்கள். தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு உண்டு. கலந்துவிட்டால் கையில் இருப்பது எந்தத் தொகுதி என்று யாராலும் சொல்ல முடியாது.

சிக்கனத்திலும் குறை சொல்ல முடியாது. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 5 கிரெயின் என்று வைத்தால் 1,400 தோட்டா, 4.5 என்றால் 1,550-ஐத் தாண்டும். இன்னும் வேகமாக எரியும் மருந்துகள் இதைவிடக் குறைவாகச் செலவாகும். ஆனால் அந்தச் சேமிப்புக்கு வேறு விதத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை டைட்குரூப் பகுதியில் பார்ப்போம்.

இது போதாத இடங்களும் உண்டு. .357 மேக்னம், .44 மேக்னம் ஆகிய அதிக சக்தித் தோட்டாக்களில் மென்மையான பயிற்சித் தோட்டாவுக்குத் தாராளமாகப் போடலாம். முழு வேகத்துக்கு இது மருந்தல்ல. மேக்னம் வேகத்தை எட்டுவதற்கு வெகு முன்பே அழுத்தம் வரம்பைத் தொட்டுவிடும். 9 மி.மீ.யில் உச்ச வேகம் தேடுபவர்களுக்கும் இதைவிட மெதுவாக எரிவது நல்லது. போட்டித் துப்பாக்கிச் சுடுதலில் ‘மைனர்’ பிரிவுக்கான 125 சக்திக் காரணி வேண்டும் என்றால் ஹெச்பி-38 தாராளமாகப் போதும். கணக்கு எளிது: குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் வைத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 124 கிரெயின் குண்டு நொடிக்கு 1,050 அடி போனால் 130 வரும். போட்டி நாளில் குளிரோ வேறொரு குரோனோகிராஃபோ (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கொஞ்சம் குறைத்துக் காட்டினாலும் தப்பிக்க அந்த ஐந்து போதும்.

இன்னொரு குறை, காலியிடம் அதிகமுள்ள .38 ஸ்பெஷல் கூட்டில் தெரியும். மருந்து பிரைமர் (கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பக்கம் சாய்ந்து கிடக்கிறதா, குண்டின் பக்கம் சாய்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்து வேகம் மாறும். உங்கள் தோட்டாவில் இது எவ்வளவு என்று சோதிப்பது கடினம் அல்ல. குழல் முனையைப் பாதுகாப்பான திசையில் கீழே சாய்த்து, மெல்ல நிமிர்த்தி ஐந்து சுடுங்கள். பிறகு முனையை மேலே தூக்கி, மெல்ல இறக்கி ஐந்து சுடுங்கள். இரண்டு சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. இலக்குப் பயிற்சிக்கு அது தொந்தரவு தராது. நீண்ட தூரத்தில் இலக்கில் குண்டுகள் சேர்ந்து விழும் இடத்தின் உயரம் மாறுவதாகத் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

யுனீக்

அலையன்ட் நிறுவனத்தின் யுனீக், 1900 வாக்கில் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் மருந்து. அத்தனை பழைய கையேடுகளிலும் அதற்கு இடம் உண்டு. கைத்துப்பாக்கியில் மட்டுமல்ல, ஷாட்கன் தோட்டாக்களுக்கும் ரைஃபிளில் போடும் மெதுவான ஈயக் குண்டுத் தோட்டாக்களுக்கும் அதன் அளவுகள் வெளியாகியுள்ளன. வெறும் பயன்பாட்டுப் பரப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹெச்பி-38-ஐ விட இதுதான் முன்னால் நிற்கும்.

அப்படியானால் ஏன் முதலிடம் தரவில்லை? மெஷர்தான் காரணம். யுனீக் தட்டையான செதில் வடிவம். செதில்கள் மெஷரின் குழிக்குள் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும். அதைவிட மோசமானது, 9 மி.மீ. போன்ற சிறு கூட்டுக்குப் போகும் குறுகிய இறங்குகுழாயில் அவை ஒன்றோடொன்று முட்டிப் பாலம் கட்டிக்கொள்வது. அப்போது ஒரு கூட்டில் மருந்து குறையும்; தேங்கிய மீதி அடுத்த கூட்டில் அதன் சொந்த அளவோடு சேர்ந்து விழும். முதலாவது குழலில் குண்டைச் சிக்க வைக்கும், இரண்டாவது அழுத்தத்தை எகிற வைக்கும். .45 ஏசிபி, .44 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்ற அகலக் கூடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ரிவால்வர்காரர்கள் யுனீக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமே.

அடைசலாகக் கூட்டை நிரப்புவது அதன் நல்ல குணம். ஒரே எடைக்கு ஹெச்பி-38-ஐ விட அதிக இடம் பிடிக்கும் என்பதால் கூட்டுக்குள் மருந்து மட்டம் சட்டென்று கண்ணில் படும். மென்மையான அளவில் சுட்டால் எரியாத செதில்களும் கரியும் நிறைய மிஞ்சும். அழுத்தம் ஏற ஏற அது சுத்தமாக எரியும். ஆகவே மெல்லிய பயிற்சித் தோட்டாவைவிட நடுத்தரத்துக்குச் சற்று மேலான தோட்டாவுக்கே யுனீக் பொருந்தும். ரிவால்வரில் எரியாத செதில் சிலிண்டரின் நட்சத்திரத்துக்கு (காலிக் கூடுகளைத் தள்ளும் பகுதி) அடியில் போய்ச் சிக்கிக்கொண்டால் சிலிண்டர் மூடாது அல்லது சுழலாது. காலிக் கூடுகளைத் தள்ளும்போது குழல் முனையை வானம் பார்க்க வைத்து வேகமாகத் தள்ளினால் பெரும்பாலும் இது வராது.

டைட்குரூப்

சிக்கனத்துக்குப் பேர்போனது. வேகமாக எரியும், மெஷரில் அழகாக ஓடும், கூட்டுக்குள் எங்கே கிடந்தாலும் ஏறக்குறைய ஒரே வேகம் தரும். .38 ஸ்பெஷலின் காலியிடப் பிரச்சினைக்கு இது நல்ல விடை என்பதை மறுக்க முடியாது.

ஆனாலும் முதன்முதலில் மருந்து வாங்கும் ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். அடர்த்தி அதிகம், அளவு குறைவு, நிறமும் கருமை. 9 மி.மீ. கூட்டின் அடியில் அது ஒரு மெல்லிய படலமாகத்தான் தெரியும். தவறி இருமுறை விழுந்துவிட்டாலும் 9 மி.மீ. கூட்டுக்குள் அது வழியாமல் அடங்கிவிடும். ஹெச்பி-38 அதே கூட்டில் இருமுறை விழுந்தால் கூட்டின் வாயருகே வந்து நிற்கும், பார்வையிலிருந்து தப்பாது. (.38, .45 கூடுகளில் இந்தப் பாதுகாப்பு எந்த மருந்துக்கும் இல்லை. இங்கே பேசிய எல்லாமே இருமுறை அடங்கும். அங்கே ஒவ்வொரு கூட்டையும் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.)

இரண்டாவது, தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் உள்ள இடைவெளி சிறியது. 9 மி.மீ.யில் சில குண்டுகளுக்கு அது அரைக் கிரெயினுக்கும் குறைவு. தராசு 0.1 தவறி, மெஷர் 0.1 தவறி, குண்டும் கொஞ்சம் ஆழமாக உட்கார்ந்துவிட்டால் அந்த இடைவெளி கரைந்துபோகும். மூன்றாவது, சூடு. ஈயக் குண்டிலும் பாலிமர் பூச்சுக் குண்டிலும் டைட்குரூப் போட்டால் புகை அதிகம் என்பது சுடுபவர்கள் பரவலாகச் சொல்வது. ஒரே தோட்டாவை வருடக்கணக்கில் நிரப்பிப் பழகிய கைக்கு இது அருமையான மருந்து. பல தோட்டாக்களுக்கு ஒரே டப்பா என்று தேடுபவருக்கு அல்ல.

மற்றவை, சுருக்கமாக

விஹ்டாவுவோரி என்320 பின்லாந்துத் தயாரிப்பு. நைட்ரோகிளிசரின் சேராத ஒற்றை அடிப்படை மருந்து, நுண்ணிய உருளைத் துகள். புகை குறைவு, உதைப்பு மென்மை, எச்சம் குறைவு, மெஷரிலும் ஒழுங்காக விழும். விலை உயர்வு ஒன்றுதான் தடை. அது தடையாக இல்லாதவர்கள் ஹெச்பி-38-க்கு மேல் இதை வைத்தால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்.

ஹாட்ஜ்டன் யுனிவர்சல் ஏறக்குறைய யுனீக்கின் வேலையையே செய்யும், அதைவிடச் சுத்தமாக எரியும். புல்ஸ்ஐ 1898-லிருந்து வருகிறது; .38 ஸ்பெஷல் இலக்குச் சுடுதலில் அதற்கு இருக்கும் மரியாதை நியாயமானது. ஆனால் டைட்குரூப்புக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் அதற்கும் சேரும்.

சிஎஃப்இ பிஸ்டல், பவர் பிஸ்டல், ஹெச்எஸ்-6 போன்றவை ஒரு படி மெதுவானவை. 9 மி.மீ., .40 ஆகியவற்றில் முழு வேகம் வேண்டுமென்றால் இவைதான் சரி. அளவைக் குறைத்தால் எரியாத துகள், வேகத்தில் ஏற்ற இறக்கம், குறுங்குழல் துப்பாக்கியில் பெரிய தீப்பிழம்பு என்று தங்கள் அதிருப்தியைக் காட்டிவிடும். குறைந்த அழுத்த .38-க்கு இவற்றை வாங்குவதில் பயனில்லை.

மேக்னம் மருந்துகளைத் தனிச் சாதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஹெச்110-ம் வின்செஸ்டர் 296-ம் ஒரே மருந்து; வெளியிட்ட அளவிலிருந்து மிகச் சிறிதளவுக்கு மேல் குறைக்கவே கூடாது. குறைத்தால் பற்றுவதே நிச்சயமில்லை, குண்டு குழலில் சிக்கலாம். மேக்னம் பிரைமரும் வேண்டும். மேக்னத்தில் கொஞ்சம் ஏற்றி இறக்க இடம் வேண்டுபவர்களுக்கு அலையன்ட் 2400 நல்லது. .357-ம் .44-ம் வைத்திருப்பவர் ஹெச்பி-38 ஒன்று, 2400 ஒன்று என இரண்டு டப்பா வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஒரே மருந்தை இரண்டு வேலைக்கும் இழுத்தால் இரண்டும் அரைகுறையாகும்.

கடையில் பெயர்களில் ஏமாறாதீர்கள். ஹெச்பி-38 கைத்துப்பாக்கி மருந்து, ஹெச்380 ரைஃபிள் மருந்து. கிளேஸ் வேறு, இன்டர்நேஷனல் கிளேஸ் வேறு, யுனிவர்சல் வேறு. பழைய டப்பாக்களிலும் பழைய கையேடுகளிலும் மூன்றாவதுக்கும் கிளேஸ் என்ற பின்னொட்டு உண்டு. கையேட்டின் பக்கத்தையும் டப்பாவின் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மெஷரில் கொட்ட வேண்டும். ஆலைத் தோட்டாவைப் பிரித்து எடுத்த மருந்து, பார்வைக்கு ஹெச்பி-38 போலவே இருந்தாலும், சில்லறையில் விற்கும் மருந்தல்ல. அதற்கு எந்தக் கையேட்டிலும் அளவு கிடையாது.

மெஷரும் தராசும்

எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் அதை அளக்கும் முறை தவறினால் பயனில்லை. மெஷரின் தொட்டியை நிரப்பியதும் முதல் இருபது முப்பது வீச்சுகளைத் தொட்டிக்கே திருப்பிக் கொட்டுங்கள். அதிர்வில் மருந்து படிந்து அடர்த்தி நிலைப்பதற்கு அந்த அவகாசம் தேவை. தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். உள்தடுப்புத் தகடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மேலே எவ்வளவு மருந்து இருந்தாலும் கீழே அழுத்தம் ஒரே மாதிரி இருக்க அது உதவும். கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் இழுங்கள். ஒரு முறை தட்டி, ஒரு முறை தட்டாமல் விட்டால் அளவு மாறும்.

தராசின் துல்லியம் பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 0.1 கிரெயின். ஒரே வீச்சை எடைபோட்டு 4.5 என்று வந்தால், அது 4.4 ஆகவும் இருக்கலாம், 4.6 ஆகவும் இருக்கலாம். பத்து வீச்சைச் சேர்த்து எடைபோட்டு 45.0 வந்தால் சராசரி 4.5 என்பது உறுதியாகத் தெரியும். பிழை பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் சராசரி ஒழுங்காக வந்தது என்பதால் ஒவ்வொரு வீச்சும் ஒழுங்கு என்று ஆகிவிடாது. ஒன்று 4.2, அடுத்தது 4.8 என்றாலும் சராசரி 4.5 தான். ஆகவே பத்தைச் சேர்த்தும் பாருங்கள், பத்தைத் தனித்தனியாகவும் பாருங்கள். மின்னணுத் தராசை வேலைக்கு அரை மணி நேரம் முன்பே இயக்கி வைத்து, சோதனை எடைக்கல்லால் சரிபாருங்கள். மின்விசிறிக் காற்று, பக்கத்தில் வைத்த கைப்பேசி, டியூப் லைட் மூன்றும் அதன் எண்ணை ஆட்டிவைக்கும்.

தனிநிலைப் பிரஸ் என்றால் ஐம்பது கூடுகளையும் தலைகீழாகக் கட்டையில் அடுக்குங்கள். ஒன்றை நிமிர்த்தி மருந்து போட்டு மறுபக்கம் வையுங்கள். ஐம்பதும் முடிந்ததும் டார்ச் அடித்து எல்லாவற்றின் மட்டத்தையும் ஒரே பார்வையில் பாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். அதன் பிறகே குண்டு வைக்க வேண்டும். புரோகிரசிவ் பிரஸ்ஸில் (ஒவ்வொரு இழுப்பிலும் பல நிலைகளில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும் பிரஸ்) இரட்டை அளவு விழுவதற்கு முதல் காரணம் பாதியில் நின்ற கைப்பிடி. ஏதோ சிக்கி, கைப்பிடியைப் பின்னுக்கு எடுத்து மீண்டும் அழுத்தும்போதுதான் மருந்து இரண்டாம் முறை விழுகிறது. சிக்கல் வந்தால் எல்லா நிலைகளிலும் உள்ள கூடுகளை வெளியே எடுத்துவிட்டு, மருந்தைத் திருப்பிக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள். யோசித்து நினைவுபடுத்திக்கொள்ள முயல வேண்டாம்.

அளவை ஏற்றும் முறை

கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். உச்ச அளவு மட்டும் கொடுத்திருந்தால் அதிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குவது பொது வழக்கம். ஹெச்110/296-க்கு மட்டும் இந்த வழக்கம் பொருந்தாது. 9 மி.மீ.யில் 0.1 கிரெயின், .45-ல் 0.2 கிரெயின் என்று படி வைத்து, படிக்குப் பத்துத் தோட்டா போதும். குரோனோகிராஃப் இல்லாமல் மேலே ஏறாதீர்கள்.

கைத்துப்பாக்கியில் பிரைமர் தட்டையாவதைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. 17,000 பி.எஸ்.ஐ. வரம்புள்ள .38-ல் பிரைமர் அடையாளம் காட்டும் நேரத்தில் வரம்பை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். நம்பத்தகுந்த குறிப்பு வேகம்தான். கையேடு உச்ச அளவுக்குச் சொன்ன வேகத்தை, அதே நீளக் குழலில், நீங்கள் குறைந்த அளவிலேயே எட்டிவிட்டால் அழுத்தமும் அங்கேயே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

குண்டு மாறினால், பிரைமர் மாறினால், கூட்டின் தயாரிப்பு மாறினால், மருந்தின் தொகுதி எண் மாறினால் மீண்டும் கீழிருந்து வாருங்கள். ஈயக் குண்டின் அளவை உறையிட்ட குண்டுக்கும் உறையிட்டதை ஈயத்துக்கும் மாற்றிப் போடாதீர்கள். 9 மி.மீ.யில் தோட்டாவின் முழு நீளத்தை அளந்துகொண்டே இருங்கள்: கூட்டுக்குள் இடம் குறைவு என்பதால் குண்டு ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனாலே அழுத்தம் கணிசமாக ஏறும், மருந்து எவ்வளவு வேகமானதோ ஏற்றமும் அவ்வளவு செங்குத்தாக இருக்கும். முடித்த தோட்டாவின் குண்டை மேசை விளிம்பில் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே நழுவினால் கூட்டின் பிடிப்பு போதவில்லை. அந்தத் தொகுப்பைச் சுட வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

சுடும்போது சத்தம் சப்பென்று இருந்து, உதைப்பு இல்லாமல், துப்பாக்கியின் மேலே நகரும் ஸ்லைடு பின்னால் வராமல் போனால் அத்தோடு நிறுத்துங்கள். மருந்தே விழாத கூடு அது. பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு குழலுக்குள் ஏறி நின்றிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். துப்பாக்கியை முழுவதும் காலி செய்து, குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்த பிறகே மேற்கொண்டு எதுவும்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

முதலில் ஒரு பவுண்டு வாங்கி உங்கள் துப்பாக்கிகளில் பாருங்கள். பிடித்துப்போனால் எட்டு பவுண்டு டப்பா வாங்குவது லாபம். விலைக்காக மட்டுமல்ல, ஒரே தொகுதி எண்ணில் பல்லாயிரம் தோட்டா நிரப்பலாம் என்பதற்காகவும். டப்பாவைத் திறந்த தேதியையும் தொகுதி எண்ணையும் நிரப்பிய தோட்டாப் பெட்டி ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டுங்கள்.

மருந்து எப்போதும் வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். அந்த டப்பா தீப்பிடித்தால் அழுத்தம் சேராமல் பிய்ந்துபோகும்படி செய்யப்பட்டது. கெட்டியான இரும்புப் பெட்டிக்குள் இறுக மூடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். உலர்ந்த, குளிர்ந்த, பூட்டக்கூடிய மர அலமாரி போதும். பிரைமர்களை அதே தட்டில் வைக்காதீர்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மெஷரில் மிஞ்சியதை அன்றே டப்பாவுக்குத் திருப்பிவிடுங்கள்: இரட்டை அடிப்படை மருந்து பிளாஸ்டிக் தொட்டியை அரித்து மங்கலாக்கும், ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் தொட்டியில் கிடப்பது எந்த மருந்து என்ற ஐயமும் வரும். ஐயம் வந்த மருந்தைத் தோட்டாவில் போடக் கூடாது.

நல்ல மருந்தைத் திறந்தால் ஈதரையோ ஆல்கஹாலையோ நினைவூட்டும் கரைப்பான் வாசம் வரும். புளித்த, மூக்கைக் குத்தும் அமில நெடியோ டப்பாவுக்குள் செம்பழுப்புத் தூளோ புகையோ தெரிந்தால் நைட்ரோசெல்லுலோஸ் சிதையத் தொடங்கிவிட்டது. அதைச் சலித்தோ உலர்த்தியோ காப்பாற்ற முடியாது. வீட்டிலிருந்து அப்புறப்படுத்தி, உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையிடம் அழிக்கும் முறையைக் கேட்டு, அதன்படி செய்யுங்கள்.